அமீனா அல்ல, அமினோ

நம் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை நம் உடம்புக்கே சொல்லிக் கொடுக்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். திருப்பதியில் ஒரு பழைய டயர்க் கடைக்கு மேலே, முதல் மாடியில் அவர் ஜிம் நடத்திக்கொண்டிருந்தார். பெயர் அமினோ. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதோ ஒன்று. அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. 'அமினோ, மாடி, திருப்பதி' என்று மட்டும் எழுதி வந்த ஒரு கடிதத்தைத் தபால்காரர் ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்ததை நானே பார்த்தேன். அது தபால் விதிகளின்படி முழுமையான முகவரி ஆகாது என்று சுட்டிக்காட்டினேன். இருவரும் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார்கள்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், வழக்குக்குத் தேவை இருப்பதால். சித்தூரில் ஒரு கோர்ட்டில் முப்பத்தாறு வருஷம் குப்பை கொட்டி, நாஜராக ஓய்வு பெற்றவன் நான். சம்மன், வாரண்ட், ஜப்தி உத்தரவு என்று கோர்ட்டுக் காகிதங்களை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார்களே அமீனாக்கள், அவர்களை மேய்ப்பதுதான் நாஜரின் உத்தியோகம். புத்தலப்பட்டுக்குச் சம்மனோடு போன அமீனா மூன்று நாளாகத் திரும்பவில்லை என்றால், அவருடைய மாமியார் வீடு அந்த ஊரில்தான் இருக்கிறது என்று எனக்கு ஏட்டைப் பார்க்காமலே தெரியும்.

ஓய்வு பெற்றுத் திருப்பதிக்குக் குடிவந்த மறு வருஷம் ஒரு காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன். எழுந்தபோது என் கால்கள் இரண்டும் யாருடையவோ போல இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஓர் ஆள் வேண்டும். டாக்டர் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "தசை கரைஞ்சு போயிருக்கு. புரதம் சாப்பிடுங்க, எடை தூக்கிப் பழகுங்க" என்றார். அதுவரை நான் தூக்கியதிலேயே அதிக எடை, சிவில் நடைமுறைச் சட்டத்தின் உரையோடு கூடிய பதிப்புதான்.

அப்படித்தான் அந்த மாடிப்படியில் ஏறினேன். மேலே போய்ச் சேர்ந்ததும் கண்ணில் பட்ட முதல் நாற்காலியில் விழுந்தேன். எதிரே அமினோ நின்றார். நாற்பத்து நாலு வயது. தலையைவிடக் கழுத்து அகலம். குரலில் மட்டும் தசை வைக்க மறந்துபோயிருந்தார். புல்லாங்குழல் மாதிரி மெல்லிசாக வந்தது.

"எழுந்து ஒக்காருங்க சார்."

"உட்கார்ந்துதானே இருக்கேன்?"

"அதான் சார் ப்ராப்ளமே."

நாற்காலிக் கையைப் பிடிக்காமல் எழ வேண்டுமாம். முயன்றேன். பாதி வழியில் நின்று, மேல்முறையீடு செய்யாமல் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். அவர் என் தொடையைப் பிடித்துப் பார்த்தார். கத்தரிக்காய் முற்றலா என்று பார்க்கிற பிடி. பிறகு, கால் நடுங்கிக்கொண்டிருந்த என்னைக் கையைப் பிடித்து வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார்.

அங்கேதான் முதல் விபரீதம் நடந்தது. அமினோ வெதுருகுப்பத்துக்காரர். தமிழில் தொடங்கிய வாக்கியம் தெலுங்கில் முடியும். தெலுங்கில் கிளம்பியது தமிழில் வந்து இறங்கும். என் மனைவி திருவண்ணாமலைப் பக்கம். கல்யாணமாகி இத்தனை வருஷம் ஆந்திராவில் இருந்தும் தெலுங்கை வாசலோடு நிறுத்தி வைத்திருப்பவள். அவளிடம் அமினோ பணிவாகச் சொன்னார்: "அம்மா, சாருக்கு கண்ட கம்மி."

அவள் முகம் மலர்ந்தது. எனக்கு அறுபதைத் தாண்டி ஒரு கண்டம் இருப்பதாக ஜோசியர் சொல்லி, அவள் பரிகாரம் செய்துகொண்டிருந்த சமயம் அது.

"கம்மியாயிடுச்சா? பூராவும் போயிடுச்சாப்பா?"

"பூரா போவலம்மா. கொஞ்சூண்டு கீது. பயப்படாதீங்க, ஆறு மாசத்துல நல்லா பெருக்கிக் குடுத்துடறேன்."

அவள் அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டாள். தெலுங்கில் 'கண்ட' என்றால் தசை என்று நான் விளக்கி முடிப்பதற்குள் ஒரு சொம்பு தண்ணீர் தீர்ந்தது.

மறுநாள் முதல் காலை ஆறரைக்கு ஜிம்மில் ஆஜரானேன். எடை தூக்குவதற்கு முன் அமினோ எல்லோருக்கும் பாடம் நடத்துவார். உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத, சாப்பாட்டிலிருந்தே வர வேண்டிய அமினோ அமிலங்கள் சில உண்டு. அவற்றில் லூசின், ஐசோலூசின், வேலின் மூன்றும் தசைக்கு ரொம்பவும் வேண்டப்பட்டவை. அமினோவுக்கு இவை ரசாயனம் அல்ல, அண்ணன் தம்பிகள். லூசின் மூத்தவர். மேஸ்திரி மாதிரி. 'எழுந்திருங்கடா, சுவர் கட்ட ஆரம்பிங்க' என்று சத்தம் போடுகிறவர் அவர்தான். "ஆனா மேஸ்திரி மட்டும் வந்து கத்திக்கினே இருந்தா செவுரு எழும்புமா சார்? செங்கல்லு ஓணும். மத்த அமினோல்லாம் செங்கல்லு. அது பருப்புல கீது, முட்டையில கீது, வேர்க்கடலையில கீது."

இந்த அண்ணன் தம்பிகளால் ஒருநாள் பெரிய ரகளை ஆயிற்று. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவர் இடுப்பு வலிக்காகப் புதிதாகச் சேர்ந்தார். அமினோ அவரை உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்துவிட்டு, அக்கறையாகச் சொன்னார்: "மேடம், ஒங்களுக்கு லூசு பத்தல."

"என்ன சொன்னே?"

"லூசு மேடம், லூசு. இந்த வயசுல கொஞ்சம் எக்ஸ்ட்ரா ஓணும்."

"முப்பது வருஷம் ஸ்கூல் நடத்தினவ நான். என்னைப் பார்த்து லூசுங்கிறியா?"

"ஐயோ, லூசு இல்ல மேடம்—"

"ஐயோலூசு அவர் தம்பி" என்று மூலையிலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார். அம்மையார் கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். அமினோ டம்பெல் கட்டையைக் கையோடு தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி, பஸ் ஸ்டாப்பில் வைத்து ரசாயனம் விளக்கி, திரும்பக் கூட்டி வந்தார். அந்த அம்மையார் பிறகு அவருடைய தலைமைச் சீடரானது தனிக் கதை.

தசைக்குச் சக்தி எப்படிக் கிடைக்கிறது என்பதை அவர் மின்சார வாரியத்தை வைத்தே விளக்குவார். "எடைய தூக்கனவொடனே மொத பத்து செகண்டு ஊட்டு இன்வர்ட்டர் மாதிரி சார். சேத்து வச்சது, டக்குனு எரியும், டக்குனு தீந்துடும். அப்பறம் ஜெனரேட்டர். அது சக்கரைல ஓடுது, பொகை ஜாஸ்தி. நின்னு நிதானமா ஓடணும்னா லைன் கரெண்ட்டு ஓணும். அதுக்குக் காத்து ஓணும், கொழுப்பு ஓணும், டிரான்ஸ்பார்மர் ஓணும். ஒவ்வொரு தசைக்குள்ளயும் குட்டிக் குட்டியா ஆயிரக்கணக்குல டிரான்ஸ்பார்மர் கீது. படுத்துக்கினே இருந்தா ஒண்ணொண்ணா புடுங்கிக்கினு போயிடுவான். எக்சசைஸ் பண்ணா புதுசா போடுவான்."

"யார் போடுவாங்க? எத்தனை நாள்ல?" என்று கேட்டேன். எந்த இலாகா, எந்தக் காலக்கெடு என்று தெரியாமல் எதையும் நம்பிப் பழக்கமில்லை.

"டிபார்ட்மெண்ட்டு இல்ல சார், ஒடம்பு. மனு குடுக்க வேணாம். தெனம் எழுந்து எழுந்து ஒக்காந்தா போதும்."

மனு இல்லாமல் வேலை நடக்கிற ஓர் இடத்தை நான் முதன்முதலாகக் கேள்விப்பட்டது அன்றுதான்.

ஜிம்முக்கு வெளியேயும் அவருக்கு ஓய்வு கிடையாது. கல்யாணப் பந்தியில் இனிப்பைத் தள்ளி வைத்துவிட்டு, "சுண்டல் இன்னொரு தபா" என்று கேட்டுக் கேட்டே பரிமாறுகிறவரைக் களைப்படையச் செய்வார். டயர்க் கடைக்காரருடைய மாமா இறந்தபோது நடந்ததுதான் உச்சம். பாடையைத் தூக்க நால்வர் குனிந்தார்கள். கூட்டத்திலிருந்து அந்தப் புல்லாங்குழல் குரல் கேட்டது: "முதுக வளைக்காதீங்க! முட்டிய மடக்குங்க! தொடையில தூக்குங்க! மூச்ச உடுங்க!" அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். நால்வரும் முழங்காலை மடக்கி, மூச்சு விட்டு, ஒரே சீராக எழுந்தார்கள். அந்தத் தெருவிலிருந்து அவ்வளவு ஆடாமல் அசையாமல் யாரும் போனதில்லை என்று டயர்க் கடைக்காரரே பிறகு ஒப்புக்கொண்டார்.

அலமாரியில் அமினோப் பொடி டப்பாக்கள் அடுக்கியிருக்கும். அவற்றின் சாவி அவர் இடுப்பில். பயிற்சியை முடித்து வேர்வையோடு நிற்பவருக்கு மட்டும் ஒரு கரண்டி, தண்ணீரில் கலக்கி. அதிலும், பருப்பும் முட்டையும் வேளா வேளைக்குக் கிடைக்காதவருக்குத்தான் முன்னுரிமை. ஒருநாள் ஒரு பெரிய வியாபாரி காரில் வந்து இறங்கி, "எனக்குப் பயிற்சியெல்லாம் வேணாம், ரெண்டு டப்பா குடு" என்றார். அமினோ டப்பாவை இறுக்கி மூடினார். "ஒங்களுக்கு இது வெறும் புளிப்புத் தண்ணி சார். இங்கருந்து ஊட்டுக்கு நடந்து போங்க, வேர்க்கடல வாங்கித் துன்னுங்க." ஒரு வியாபாரத்தை இப்படி விரட்டியடித்த வியாபாரியை நான் பார்த்ததில்லை.

நான்கு மாதத்தில் நாற்காலியைப் பிடிக்காமல் எழுந்தேன். நன்றிக்கடனாக அவருக்கு என்னால் முடிந்த ஒரே உதவியைச் செய்தேன்: ஒரு வருகைப் பதிவேடு. வரிசை எண், பெயர், வந்த நேரம், செய்த பயிற்சி, குறிப்பு, கையெழுத்து என்று ஆறு கட்டம் போட்டு, நீலத் துணி அட்டை ஒட்டி, பக்கத்துக்குப் பக்கம் எண்ணிட்டுக் கொடுத்தேன். அமினோ அதைக் கையில் வைத்துக்கொண்டு, காக்கிப் பேண்ட்டும் கழுத்தில் விசிலுமாக வாசலில் நிற்பார். வருகிறவர்கள் வரிசையில் நின்று கையெழுத்திடுவார்கள். முதல் கையெழுத்து என்னுடையது. அந்தப் பதிவேடு எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஜிம்முக்கு வாரம் இருமுறை முட்டை கொண்டுவருகிறவர் குப்புசாமி. குப்பத்துக்குப் பக்கத்தில் குடுபல்லியிலிருந்து வேனில் தட்டுத் தட்டாக ஏற்றிக்கொண்டு வருவார். அமினோவுக்குத் தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை என்று தெரிந்து, தன் ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்தார். தேவகி. முப்பத்தாறு வயது. நைனா, அதாவது தகப்பனார், போன பிறகு தன் சம்பளத்தில் குடும்பத்தை நிமிர்த்தியவள். ஒன்பது வருஷமாக ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடுதியில் தங்கி, லீவுக்கு மட்டும் ஊருக்கு வருகிறவள். அண்ணன் முனிரத்தினம், ஒரு தலைமுறைக்கு முன்பு வரை நிலமே இல்லாதிருந்த குடும்பத்தில் இப்போது இரண்டு ஏக்கரில் தக்காளி போடுகிறவர்.

குப்புசாமி போட்டோவைக் காட்டினார். அமினோவுக்குப் பிடித்துவிட்டது. பிடித்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மறுநாள் பன்னிரண்டு உட்கார்ந்தெழலை எண்ண வேண்டியவர் முப்பத்தொன்று வரை எண்ணிக்கொண்டே போனார். நான் செய்துகொண்டே இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முனிரத்தினம் என் வீட்டுக்கு வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஒரு பை தக்காளி. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"சார், நீங்க கோர்ட்டுல நாஜரா இருந்தவராம்மே."

"ஆமாம்."

"மாப்ளய பத்தி ஒரு வார்த்த கேட்டுக்கினு போலாம்னு வந்தேன். நல்ல மனுசன்னாங்க. அமீனா வேலைன்னா டிரான்ஸ்பர் வருமா சார்?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது.

குப்புசாமி போனில் 'மாப்ள திருப்பதியில அமினோ' என்றிருக்கிறார். தக்காளித் தோட்டத்துக் காற்றில் அது 'அமீனா' என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. போட்டோவில் காக்கிப் பேண்ட், விசில், கையில் நீல அட்டைப் பதிவேடு. எங்கள் கோர்ட்டு அமீனாக்களில் ஒருவர்கூட அவ்வளவு அமீனாவாக இருந்ததில்லை. போதாக்குறைக்குக் குப்புசாமி பெருமையாக ஒரு வார்த்தை சேர்த்திருந்தார்: 'ரிட்டையர் ஆன நாஜரே தெனம் காலைல வந்து இவர்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டுப் போறாருன்னா பாத்துக்க.'

"நான் சின்னப் புள்ளையா இருக்கசொல்ல எங்கூருக்கு ஒரு தபா அமீனா வந்தாரு சார்" என்றார் முனிரத்தினம். "எங்க நைனாவ நிக்க வச்சே பேசறவங்கல்லாம் அன்னிக்கு அவரு எதிர்ல கைய கட்டிக்கினு நின்னாங்க. எங்க ஊட்டு மாப்ள ஒரு அமீனான்னா…" வேட்டி நுனியைச் சரிசெய்தார்.

அந்த மனிதரிடம் 'இல்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'ஆமாம்' என்று சொல்ல என் உத்தியோகம் விடவில்லை. ஆகவே, முப்பத்தாறு வருஷமாக வக்கீல்கள் கேட்டபோதெல்லாம் முகம் சுளித்த ஒன்றை நானே கொடுத்தேன்: வாய்தா. "அவர் வேலையைப் பற்றி அவர் வாயாலேயே கேட்டுக்குங்க. அதுதான் முறை" என்றேன். முறை என்ற சொல்லில் அவர் திருப்தியடைந்து போனார்.

நான் நேராக ஜிம்முக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அமினோ தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நானே நெனச்சேன் சார். குப்புசாமி அமினோன்னு சொன்னவொடனே போன்ல அவ்ளோ மரியாத குடுத்தாங்களாம். பரவால்லியே, குடுபல்லியில சயின்ஸ் வளந்துக்கினு போவுதேன்னு சந்தோசப்பட்டேன்."

முட்டை இறக்க வந்திருந்த குப்புசாமி அவசரப்பட்டார். "எதுக்கு இப்ப சொல்லிக்கினு? தாலி ஏறட்டும். ரெண்டும் கேக்கறதுக்கு ஒண்ணாத்தான இருக்குது?"

அமினோ என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கழுத்தின் மேல் அவ்வளவு சின்ன முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. "சார், நெஜமாவே என்னை அமீனாவா போட வழி எதுனா கீதா?"

ஆள் எடுக்கும் அறிவிப்பு, தேர்வு, இட ஒதுக்கீட்டுச் சுழற்சி, மருத்துவச் சான்று என்று நான் ஒழுங்காக விளக்கினேன். மருத்துவச் சான்று என்றபோது அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. வயது வரம்பு என்றபோது போய்விட்டது.

தரையிலிருந்து கையூன்றாமல் எழுந்தார். பிறகு, "அப்ப போய் சொல்லிடலாம் சார். ஒரு தபா அவங்கள பாத்துட்டாவது வரலாம்" என்றார்.

அடுத்த ஞாயிறு முட்டை வேனில் கிளம்பினோம். பின்னால், வழியில் கடைகளுக்குப் போட வேண்டியதும் சேர்த்து நாற்பது தட்டு முட்டை இருந்ததால் குப்புசாமி ஒவ்வொரு வேகத்தடையையும் பிரசவம் பார்க்கிற மாதிரி கடந்தார். அதில் ஐந்து தட்டு பெண் வீட்டுக்கு அமினோவின் சீர். பழம், பூ, ஸ்வீட்டு எல்லாம் வாங்கலாமே என்றேன். "ஸ்வீட்டுல இன்னா சார் கீது?" என்றார். அவரோடு வாதாடிப் பயனில்லை.

முனிரத்தினம் வீட்டு வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது. அமீனாவைப் பார்க்க. அமினோ கீழே இறங்கியதும் ஒரு கிழவர் பிளாஸ்டிக் பையிலிருந்து பழைய காகிதங்களை எடுத்து நீட்டினார். வரப்புத் தகராறு, எத்தனையோ வருஷமாக நடக்கும் வழக்கு. "ஐயா, நீங்களாவது வந்து அளந்து உடுங்கையா." அமினோ காகிதத்தைப் பார்க்கவில்லை, நீட்டிய கையைப் பார்த்தார். மெல்லப் பிடித்துப் பார்த்தார். "பெரியவரே, கண்டயே இல்லியே. பருப்பு துன்றீங்களா?" கிழவர் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

உள்ளே பாய் விரித்திருந்தது. எல்லோரும் உட்கார்ந்ததும் அமினோ மட்டும் எழுந்து நின்றார்.

"நான் அமீனா இல்லீங்க. அமினோ. ஒடம்புக்கு எக்சசைஸ் சொல்லித் தரவன். கோர்ட்டுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்ல. சார் எங்கிட்ட கையெழுத்து போடறது அவரு தொடைக்காக."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் வாசலில் ஒருவர் சிரித்தார், பிறகு பலர். முனிரத்தினம் சிரிக்கவில்லை. அவர் முகம் இறுகியது. "ஊர கூட்டி வச்சிக்கினு என்னை கேணையனாக்கிட்டீங்களே சார்" என்று என்னிடம்தான் சொன்னார். பதிவேடு என் கைவேலை.

கிளம்ப வேண்டியதுதான் என்று நான் தரையில் கையூன்றினேன். அப்போது உள்ளிருந்து தேவகி வந்தாள். காபித் தட்டு ஏதும் கையில் இல்லை. கதவருகே நின்றாள், ஒரு காலில் இருந்து மறு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டே நின்றாள். நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

"நீங்க பொடி தரவராமே" என்றாள் அமினோவிடம். "லைன்ல நின்னுக்கினே வேல எனக்கு. பெட்டி தூக்கி வைக்கணும். ஷிப்ட் முடிஞ்சா தொட ரெண்டும் கல்லு மாதிரி ஆயிடுது. அந்தப் பொடி துன்னா செரியாவுமா?"

அமினோவின் வாழ்நாளில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அமீனா போனாலும் வைத்தியர் என்ற மரியாதையாவது மிஞ்சும். சொல்லித் தொலையேன் என்று நான் உள்ளுக்குள் கத்தினேன்.

"ஆவாதுங்க" என்றார் அமினோ. "வெறும் பொடி துன்னா பாதி மூத்திரத்துலதான் போவும்."

வாசலில் மறுபடி சிரிப்பு.

"கூடவே எக்சசைஸ் பண்ணணும்."

"அப்ப நான் எட்டு மணி நேரம் நின்னுக்கினு பண்றதுக்குப் பேரு இன்னா?"

சிரித்தவர்கள் நிறுத்தினார்கள். அமினோ தலையைக் குனிந்துகொண்டார். யோசித்து யோசித்துத்தான் பேசினார்.

"அது ஒழைப்புங்க. எக்சசைஸ் ஒடம்ப கட்டும், ஒழைப்பு தேய்க்கும். தேஞ்சத திரும்பக் கட்டறதுக்குச் சாப்பாடு ஓணும், தூக்கம் ஓணும். அத குடுக்காம ஒங்கள போயி எக்சசைஸ் பண்ணுங்கன்னு எவனாவது சொன்னா அவன் அயோக்கியன்." பிறகு முதன்முறையாக அவளை நேராகப் பார்த்தார். "ஷிப்ட் முடிஞ்சி வந்து இன்னா துன்றீங்க?"

"நானா?" தேவகி அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "டீ. ஒரு பன்னு."

"அவ்ளோதானா?"

"களைப்பா இருக்கும். படுத்துடுவேன்."

"முட்டை, பருப்பு?"

"லீவுக்கு வந்தா துன்றதுதான்."

நூறு கிலோ கம்பியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு பாடம் நடத்துகிற மனிதர், ஒரு டீயையும் பன்னையும் தூக்க முடியாமல் நின்றார். பிறகு விடுவிடுவென்று வெளியே போய், வேனிலிருந்து ஐந்து தட்டு முட்டையையும் ஒரே அடுக்காகக் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்துவிட்டு, "நாங்க கெளம்பறோங்க. இத மட்டும் துன்னுடுங்க" என்றார். வைக்கும்போது முதுகை வளைக்கவில்லை. முழங்காலை மடக்கித்தான் வைத்தார்.

"அண்ணா" என்றாள் தேவகி. முனிரத்தினம் திரும்பினார். "இதுக்கு முன்ன நாலு பேரு பாக்க வந்தாங்க. நாலு பேரும் சம்பளம் இன்னான்னு கேட்டாங்க. நான் இன்னா துன்றேன்னு கேட்ட மொத ஆளு இவருதான்."

"அமீனான்னு ஊரெல்லாம் சொல்லிட்டனேம்மா."

"அமீனாவா இருந்தா ஊட்டுல கீறத எடுத்துக்கினு போவாரு. இவரு எடுத்துக்கினு வந்துக்கிறாரு. எது மேலு, நீயே சொல்லு."

வாசலில் நின்ற கிழவர்தான் முதலில் கைதட்டினார். வழக்கில் அவர் கேட்ட முதல் நல்ல தீர்ப்பு அதுவாக இருக்க வேண்டும். முனிரத்தினம் கொஞ்ச நேரம் முட்டைத் தட்டையே பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, "சார், இந்த அமினோன்னா இன்னா, எனக்குக் கொஞ்சம் சொல்லுங்க. ஊர்ல கேப்பாங்க" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அமினோ மேஸ்திரி, செங்கல் என்று தொடங்கிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து நாங்கள் கிளம்பியபோது, பாதி ஊர் பாயிலிருந்து கையூன்றாமல் எழப் பழகிக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு தேவகி விடுதியில் இருக்க வேண்டாம் என்று அமினோ ஜிம்மையே பெயர்த்துக்கொண்டு ஸ்ரீசிட்டிப் பக்கம் குடிபோனார். ஷிப்ட் முடிந்து வரும் பெண்களுக்கு அங்கே முதலில் பருப்பும் முட்டையும், பிறகு அரை மணி ஓய்வு, விருப்பப்பட்டால்தான் பயிற்சி என்று கேள்வி. டயர்க் கடை மாடி இப்போது கைப்பேசி பழுது பார்க்கும் கடை. தலைமையாசிரியை அம்மாள் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மாடியைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். நான் விடுவதில்லை, நுரையீரலுக்கு அது தனிப் பயிற்சியாகாது என்று அமினோவே சொல்லியிருக்கிறார்.

கல்யாணத்தைப் பதிவு செய்தது திருப்பதியில்தான். படிவத்தை நான் பூர்த்தி செய்யாமல் வேறு யார் செய்வது? அன்றுதான் அவருடைய நிஜப் பெயரை முதன்முதலாகப் பார்த்தேன். அழகான பெயர், அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. தொழில் என்ற கட்டத்தில் 'உடற்பயிற்சி ஆசிரியர்' என்று எழுதினேன். முனிரத்தினம் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஆசிரியர்னா நல்லாத்தான் கீது" என்றார்.

மாப்பிள்ளை தரப்பில் சாட்சிக் கையெழுத்துக்கு நான் உட்கார்ந்தேன். பெயர், வயது, முகவரி எழுதியாயிற்று. அடுத்த கட்டம், மணமகனுக்கு உறவுமுறை. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தாப் பெண் அவசரப்படுத்தினாள்: "மீரு ஆயனகி ஏமவுதாரு சார்?" அவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்கிறாள். உறவு இல்லாதவர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும், அதுதான் விதி. அரசாங்கக் காகிதம் எதிலும் உண்மையல்லாத ஒரு சொல்லை நான் எழுதியதில்லை.

பேனாவைத் திறந்து, யாரும் தவறாகப் படித்துவிட முடியாதபடி நிறுத்தி நிதானமாக 'அண்ணன்' என்று எழுதினேன்.